மழையை உள்ளே விடும் தளம்

திண்டுக்கல் என்ற பெயரைக் கேட்டதும் நம் கண்முன் நிற்பது ஊருக்கு நடுவே திண்டு போல் கிடக்கும் அந்தப் பெரும் பாறைதான். ஐப்பசி மாதத்தில் ஒரு நல்ல மழை பெய்யும்போது அப்பாறையைக் கவனித்துப் பாருங்கள். மேலே விழுந்த நீர் ஒரு துளிகூட உள்ளே இறங்குவதில்லை. வெள்ளிக் கோடுகளாக வழிந்து சில நிமிடங்களில் அடிவாரத்துக்கு வந்துவிடுகிறது. மழை நின்ற அரை மணியில் பாறை காய்ந்துவிடும். குழிவான இடங்களில் தேங்கிய நீர்தான் மலைமேல் மிஞ்சும்.

நான் என் வீட்டு வாசலில் அமைத்திருந்தது இதே போன்ற ஒரு சிறு பாறை என்பதை உணர எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. கேட்டிலிருந்து போர்டிகோ வரை 10 அடி அகலம், 30 அடி நீளம். என் தந்தை காலத்தில் அது செம்மண் வாசல். காலையில் நீர் தெளித்துக் கோலம் போடுவார்கள். நான் கார் வாங்கியதும், சேறு வேண்டாம் என்று முழுவதும் சிமெண்டுத் தளம் போட்டேன். அடுத்த மழைக்காலத்தில் கீழ்ப்பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து நின்றார். "என்ன தம்பி, உங்க வாசல்ல பெய்ற மழை எங்க வீட்டு நடைக்குள்ள வருதே!" என்றார். கல்லூரியில் பௌதிகம் கற்பிக்கும் எனக்கு அவர் ஒரு கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டார். 300 சதுர அடித் தளத்தில் 2 அங்குல மழை பெய்தால் 50 கன அடி நீர் சேரும். அது 1,400 லிட்டருக்கு மேல். நாம் சுமக்கும் 15 லிட்டர்க் குடத்தில் 90 குடங்களுக்கும் அதிகம். அத்தனை குடத்தையும் நான் அவர் வீட்டு நடையில் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தளத்தை உடைத்துவிட்டு, நீர் புகும் தளம் ஒன்றை அமைப்பது என்று முடிவு செய்தேன். எதைப் போடுவது, எவ்வளவு செலவாகும் என்று விசாரித்தபோது ஒவ்வொருவரும் ஒவ்வொரு கல்லைக் காட்டினார்கள். ஆனால் இத்தகைய தளங்களின் வரலாற்றைப் படித்த பிறகுதான், நான் கேட்ட கேள்வியே தவறு என்று தெரிந்தது. அந்த வரலாற்றை முதலில் காண்போம்.

நீரை விரட்டிய சாலை

நவீன சாலையின் கதை நீரை வெளியே நிறுத்துவதில் தொடங்குகிறது. ஸ்காட்லாந்தில் பிறந்த ஜான் மெக்ஆடம் 1816-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதிச் சாலைகளுக்குக் கண்காணிப்பாளராக அமர்ந்தார். அவருடைய கொள்கை எளிமையானது. வண்டியின் பாரத்தை உண்மையில் தாங்குவது கீழே உள்ள மண், அந்த மண் உலர்ந்திருக்கும் வரை எந்தப் பாரத்தையும் தாங்கும், நனைந்தால் குழையும். ஆகவே சாலை என்பது மண்ணுக்கு மேல் வேயப்பட்ட கூரையாக இருக்க வேண்டும் என்றார். 6 அவுன்சுக்கு மேற்படாத உடைகற்களைப் பரப்பி, வண்டிச் சக்கரங்களே அவற்றை இறுக்கும்படி விட்டார். நீர் இருபுறமும் வழியும்படி நடுவைச் சற்றே உயர்த்தினார்.

பின்னர் மோட்டார் வண்டிகள் வந்தன, புழுதி பறந்தது. 1902-ல் எட்கர் ஹூலி என்பவர் கல்லுடன் தார் கலக்கும் முறைக்கு உரிமை பெற்றார். கூரையில் இருந்த சிறு ஓட்டைகளும் அடைபட்டன. நம் ஊர்த் தார்ச் சாலையும், சிமெண்டுச் சாலையும், என் வீட்டுத் தளமும் அந்தக் கொள்கையின் பேரப்பிள்ளைகளே.

மெக்ஆடம் சொன்னது தவறன்று. நீர் புகும் தளம் அமைப்பவர் அவருடைய எச்சரிக்கையை மறந்தால் கார் சக்கரம் புதைந்துவிடும். நீர் கீழே இறங்க வேண்டும். அதே நேரத்தில் தளமும் பாரம் தாங்க வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்து வைக்க, நீர் எப்படி நகர்கிறது என்ற விதி தேவைப்பட்டது.

டிஜோன் நகரின் மணற்குழாய்

அந்த விதி பிரான்சு நாட்டின் டிஜோன் நகரிலிருந்து வந்தது. அவ்வூரில் பிறந்த ஹென்றி டார்சி என்ற பொறியாளர், தொலைவிலிருந்த ஓர் ஊற்றிலிருந்து நகருக்கு நல்ல குடிநீர் கொண்டுவந்தவர். அந்த நீர் 1840-ல் ஊரை அடைந்தது. பிற்காலத்தில் அவர் குடிநீரை வடிகட்டும் மணற்படுகைகளைப் பற்றி ஆராய விரும்பினார். நகர மருத்துவமனை வளாகத்தில் ஒரு செங்குத்தான இரும்புக் குழாயை நிறுத்தி, அதில் மணலை நிரப்பி, மேலிருந்து நீரை விட்டு அளந்தார். 1855-லும் 1856-லும் நடந்த இந்தச் சோதனைகளின் முடிவு 1856-ல் வெளியான அவரது நூலின் பிற்சேர்க்கையில் இடம்பெற்றது.

மணலின் வழியே ஒரு வினாடியில் கசியும் நீரின் அளவு, நீரை அழுத்தும் உயர வேறுபாட்டுக்கும் குறுக்குப் பரப்புக்கும் நேர் விகிதத்தில் இருக்கும். மணற்படுகையின் கனத்துக்கு எதிர் விகிதத்தில் இருக்கும். இதுவே டார்சி விதி. இவற்றுடன் பெருக்க வேண்டிய ஓர் எண் உண்டு. அது அந்தந்த மண்ணுக்கு உரியது. அதை ஊடுருவுதிறன் என்கிறோம்.

அந்த எண் எதைப் பொறுத்தது? 1892-ல் அமெரிக்கப் பொறியாளர் ஆலன் ஹேசன், வடிகட்டும் மணல்களை ஆராய்ந்து ஓர் அனுபவ விதியைத் தந்தார். ஊடுருவுதிறன் மணிகளின் விட்டத்தினுடைய இருமடிக்கு ஏற்ப மாறுகிறது என்பதே அது. ஒரு மில்லிமீட்டர் மணலுக்குப் பதிலாக அதில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள நுண்மணலை வைத்தால், நீர் நகரும் வேகம் பத்தில் ஒரு பங்காகக் குறைவதில்லை. ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மேலும், அடுக்கடுக்காக அமைந்த தளத்தில் மிக மெதுவான அடுக்கே முழுத் தளத்தின் வேகத்தையும் தீர்மானிக்கிறது. மற்ற அடுக்குகள் எவ்வளவு சிறந்தவையாக இருந்தாலும் பயனில்லை. பின்னால் நாம் காணப்போகும் வெற்றிகளும் தோல்விகளும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும்.

மணல் இல்லாத கான்கிரீட்

கான்கிரீட் என்றால் சிமெண்டு, மணல், ஜல்லி, நீர் நான்கும் சேர்ந்தது. இதிலிருந்து மணலை மட்டும் நீக்கிவிட்டால் என்ன ஆகும்? சிமெண்டுப் பசை ஜல்லிகள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் மட்டும் ஒட்டும்; இடையில் வெற்றிடம் நிற்கும். கடலை மிட்டாயில் பாகு கடலையைப் பிடித்திருப்பதைப் போல என்று சொல்லலாம்.

இத்தகைய கான்கிரீட் 1852-லேயே இங்கிலாந்தில் வீடு கட்டப் பயன்பட்டது. நீரை இறக்குவது அன்று எவருடைய நோக்கமும் அன்று. சிமெண்டு மிச்சமாக வேண்டும், அவ்வளவே. 1923-ல் இம்முறை நெதர்லாந்திலிருந்து ஸ்காட்லாந்துக்குச் சென்று, எடின்பரோ நகரில் 50 வீடுகளாக எழுந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் செங்கல்லும் கொத்தனாரும் கிடைக்காத பிரிட்டனில் ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்கள் இவ்வாறே வார்க்கப்பட்டன. சிக்கனத்துக்காகப் பிறந்த பொருள், நீரைக் கடத்துவதற்காகத் தரைக்கு இறங்கி வர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தரைக்கு வந்த ஓட்டைகள்

1960-களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியில் கார்கள் பெருகின. புல்தரையில் நிறுத்தினால் புல் அழிந்தது. தளம் போட்டால் பசுமை போயிற்று. கட்டம் கட்டமாகத் துளைகள் உள்ள கான்கிரீட் கற்களைப் பதித்து, துளைகளில் மண்ணிட்டுப் புல் வளர்க்கும் முறை அப்போது தோன்றியது. பாரம் கல்லுக்கு, மழை புல்லுக்கு என்று வேலை பிரிந்தது.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் சிக்கல் வேறு. அங்கே மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடின. பெருமழை பெய்தால் குழாய் கொள்ளாமல் இரண்டும் கலந்து ஆற்றில் விழுந்தன. அந்நகரின் பிராங்ளின் நிலையத்தில் எட்மண்ட் தேலனும் அவருடைய குழுவினரும், நுண்கற்களை நீக்கிய தார்க் கலவையால் தளமிட்டு, அதன் கீழே உடைகல் படுகை ஒன்றை அமைக்கும் திட்டத்தை ஆராய்ந்தனர். அவர்களுடைய அறிக்கை 1972-ல் வந்தது. மேல் தளம் நீரை உள்ளே விடும். கீழே உள்ள கற்படுகை அதைத் தொட்டி போலத் தாங்கி நிற்கும். மண் தன் வேகத்தில் அதை மெல்ல மெல்லக் குடிக்கும். மழையின் வேகமும் மண்ணின் வேகமும் ஒத்துப்போகாத குறையைத் தீர்ப்பது நடுவில் இருக்கும் அந்தத் தொட்டியே. மாசசூசெட்ஸ் மாநிலத்தில், எழுத்தாளர் தோரோ வாழ்ந்த வால்டன் குளத்தருகே 1977-ல் அமைத்த கார் நிறுத்துமிடம் இம்முறையின் நெடுநாள் உழைத்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று.

ஆனால் அந்நாளில் அமைத்த தளங்கள் பல சில ஆண்டுகளிலேயே அடைத்துக்கொண்டன. அருகில் தோண்டிப் போட்ட மண் மழையில் வழிந்து வந்து தளத்தில் படிந்தது. சில இடங்களில் வேலையின்போதே ரோலரை ஓட்டி அடிமண்ணை இறுக்கிவிட்டனர். "நீர் புகும் தளம் உதவாது" என்ற பேச்சு பரவியது. உண்மையில் தோற்றது தளமன்று. மிக மெதுவான அடுக்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்ற விதியை மறந்தவர்களே தோற்றார்கள்.

நம் ஊர் மண்

தமிழகத்தில் 2003-ஆம் ஆண்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. கூரை நீர் குழாய் வழியே குழிக்குள் இறங்கியது. ஆனால் அதே ஆண்டுகளிலும் அதற்குப் பின்னும், வீட்டைச் சுற்றியிருந்த மண் வாசல்கள் சிமெண்டாகவும் பேவர் பிளாக்காகவும் மாறின. கூரையில் பிடித்ததை வாசலில் விட்டோம்.

"பேவர் பிளாக் போட்டிருக்கிறேன், இடுக்கில் நீர் இறங்கும்" என்று பலர் நம்புகிறார்கள். வழக்கமாகப் போடும் முறையில் அது பெரும்பாலும் நடப்பதில்லை. கீழே கிராவல் போட்டு ரோலரால் இறுக்குகிறார்கள். அதன்மேல் கிரஷர் தூசி. இடுக்குகளிலும் நுண்மணல். ஹேசன் விதிப்படி அந்தத் தூசியே நீருக்கு மூடி. அதே கல்லை, ஏறத்தாழ கால் அங்குல இடுக்கு விட்டு, இடுக்கிலும் அடியிலும் தூசியற்ற கால் இஞ்ச் சிப்ஸ் போட்டு, அதன் கீழே ஜல்லிப் படுகை அமைத்தால் நீர் தாராளமாக இறங்கும். கல் ஒன்றே, வேறுபாடு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

திண்டுக்கல் சமவெளியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 830 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும் பங்கு வடகிழக்குப் பருவக்காற்றால் சில வாரங்களில் கொட்டுகிறது. அடியில் கடும்பாறை, மேலே சிதைந்த பாறையும் மண்ணும். நம் கிணறுகளுக்கு நீர் அந்தச் சிதைந்த அடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும்தான் கிடைக்கிறது. நகரின் சுற்றுப்புறத்தில் தோல் பதனிடும் தொழிலால் உவர்ந்துபோன கிணறுகளும் உண்டு. ஆகவே உள்ளே இறங்கும் நல்ல மழைநீர் அருமையானது.

மண்ணில் இங்கே செம்மண்ணும் உண்டு, கரிசலும் உண்டு. மணற்பாங்கான செம்மண் ஒரு மணி நேரத்தில் 20 மில்லிமீட்டருக்குக் குறையாமல் குடிக்கும். களிமண்ணோ 1 முதல் 5 மில்லிமீட்டர்தான். உங்கள் வீட்டு மண் எது என்பதை நீங்களே கண்டுகொள்ளலாம். படுகையின் அடி வரும் ஆழத்துக்கு ஒரு சதுர அடிக் குழி தோண்டுங்கள். நீர் ஊற்றி மண்ணை நன்றாக ஊறவிடுங்கள். மீண்டும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் பாருங்கள். குழியின் பக்கச் சுவர்களும் நீரைக் குடிப்பதால், கிடைத்த எண்ணில் பாதியை எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. என் வீட்டில் 4 சென்டிமீட்டர் இறங்கியது. பாதியாக்கி 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டேன்.

செலவுக் கணக்கு

இனி 300 சதுர அடிப் பாதைக்குக் கணக்கிடுவோம். விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். அளவுகள் மாறா. இந்த அளவுகளை எடுத்துக்கொண்டு கடைக்குச் சென்றால் எவரும் நம்மை ஏமாற்ற முடியாது.

முதலில் ஜல்லிப் படுகை. 8 அங்குல கனம் என்றால் 200 கன அடி, அதாவது 2 யூனிட். தூசியற்ற முக்கால் இஞ்ச், ஒன்றரை இஞ்ச் ஜல்லி வேண்டும். அதில் வெற்றிடம் ஏறத்தாழ 40 விழுக்காடு. ஆக, 80 கன அடி நீர், அதாவது 2,200 லிட்டருக்கு மேல் நிற்கும். அந்தப் பாதைமேல் 3 அங்குலத்துக்கும் சற்று அதிகமாகப் பெய்யும் மழை முழுவதும் இதில் அடங்கும். மணிக்கு 20 மில்லிமீட்டர் குடிக்கும் செம்மண்ணில் இந்தத் தொட்டி 4 மணி நேரத்தில் காலியாகும். 2 மில்லிமீட்டர் குடிக்கும் கரிசலில் 40 மணி நேரம் ஆகும். மறுநாள் மழைக்கு இடமிராது. அங்கே மிகைநீர் வெளியேற ஒரு குழாய் கட்டாயம் வேண்டும். கரிசல் நனைந்தால் உப்பும் என்பதால், சுவர் அடித்தளத்தை ஒட்டி இதை அமைக்கவே கூடாது.

இரண்டாவது, தோண்டும் வேலை. ஜல்லி 8 அங்குலம், சிப்ஸ் 2 அங்குலம், கல் இரண்டரை அங்குலம். ஆக ஓர் அடிக்குச் சற்று மேல். 3 யூனிட்டுக்கு மேல் மண் வெளியேறும். தோண்டிய மண் உப்புவதால் வண்டிக்கு அதைவிட அதிகமாகக் கணக்கிட வேண்டும். பலரும் மறந்துவிடும் செலவு இதுவே. அடிப்பகுதியை மட்டமாக வெட்டவேண்டும். சரிவாக விட்டால் நீரெல்லாம் தாழ்ந்த முனைக்கு ஓடி, தொட்டியின் பாதி வீணாகும். அடிமண்ணில் ரோலர் வேண்டாம். ஜல்லியைப் பரப்பிய பின் இறுக்கலாம். மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்தால் மண் மேலேறி அடைக்காது.

மூன்றாவது, 2 அங்குலச் சிப்ஸ் படுகைக்கு அரை யூனிட். நான்காவது, ஓரக்கட்டு. சுற்றளவு 80 அடி. ஓரம் இல்லையேல் கற்கள் விலகும்.

கடைசியில்தான் மேல்தளம். காருக்கு 60 மில்லிமீட்டர்க் கல் போதும். பாரவண்டி வருமென்றால் 80 மில்லிமீட்டர் நல்லது. புல் வளரும் துளைக்கல் பார்வைக்கு இனியது. ஆனால் நம் கோடையில் புல்லைக் காக்க நீர் ஊற்ற வேண்டும். நீரைச் சேமிக்கப் போய் நீரைச் செலவழிப்பதாகும். மணலில்லாக் கான்கிரீட் உறுதியானது. ஆனால் கலவையில் நீர் கூடினால் சிமெண்டுப் பசை கீழே வழிந்து அடியை அடைக்கும். குறைந்தால் ஜல்லி உதிரும். பழகிய கொத்தனார் இல்லாவிடில் அதைத் தொடாதிருப்பதே நல்லது.

பணம் மிகக் குறைவென்றால் ஒரு பழைய வழி உண்டு. 1930-களில் தெற்கு ரொடீசியாவில் முழுச் சாலைக்குப் பணமில்லாமல், சக்கரம் ஓடும் இரண்டு பட்டைகளுக்கு மட்டும் தாரிட்டு நெடுந்தூரச் சாலைகளை அமைத்தார்கள். வீட்டிலும் ஆளுக்கு இரண்டடி அகலத்தில் இரண்டு பட்டைகள் மட்டும் கல் பதித்து, மீதியை ஜல்லியாகவோ மண்ணாகவோ விடலாம். 10 அடி அகலத்தில் 6 அடி திறந்தே இருக்கும்.

ஆண்டுச் செலவையும் சேர்க்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன் இடுக்குகளில் சேர்ந்த தூசியைத் துடைப்பத்தால் கூட்டி, அடைத்த சிப்ஸை மாற்ற வேண்டும். மணல், சிமெண்டு மூட்டைகளை அதன்மேல் கொட்டக் கூடாது. கார் எண்ணெய் ஒழுகினால் முதலில் காரைச் சரிசெய்யுங்கள். அந்த எண்ணெய் போகும் வழி கிணற்று வழி. செப்டிக் தொட்டியின் அருகிலும் இத்தளம் ஆகாது.

ஓர் உண்மையையும் மறைக்கக் கூடாது. இப்பாதைமேல் ஓராண்டில் விழும் மழை 23 ஆயிரம் லிட்டர் அளவே. அதிலும் ஒரு பகுதி ஆவியாகும். ஒரு பகுதியை மரவேர் குடிக்கும். 1,000 சதுர அடிக் கூரையில் இதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் கிடைக்கும். ஆகவே கையில் ஒரு வேலைக்கு மட்டும் பணம் இருந்தால், கூரைநீர்க் குழியைத் தூர்வாரிச் சரிசெய்வதே முதல் வேலை. வாசல் தளம் அதற்கு அடுத்தது. அதனால் உடனே கிடைக்கும் பலன், நம் வாசல் மழை பக்கத்து வீட்டுக்குள் போகாமல் நிற்பதுதான்.

நான் இடுக்கு விட்ட பேவர் பிளாக்கையே தேர்ந்தேன். செலவில் பெரும் பகுதி மண்ணுக்குக் கீழே போயிற்று. "இதுக்காய்யா இவ்வளவு?" என்று வீட்டார் கேட்டனர், மேலே பார்த்தால் தெருவில் எல்லார் வீட்டிலும் உள்ள அதே கல்தான். சென்ற ஐப்பசியில் முதல் பெருமழை வந்த இரவில் குடையுடன் வாசலில் நின்றேன். நீர் விழுந்த இடத்திலேயே மறைந்துகொண்டிருந்தது. மறுநாள் காலையில் பெரியவர் தம் நடையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். தரை உலர்ந்திருந்தது.

நீங்கள் கல் பார்க்கக் கடைக்குப் புறப்படுவதற்கு முன், உங்கள் வாசலில் ஓர் அடி ஆழத்தில் ஒரு குழி தோண்டி நீர் ஊற்றிப் பாருங்கள். எந்தத் தளம், எவ்வளவு கனம், எவ்வளவு செலவு என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை அந்தக் குழியில் இருக்கிறது.